பாதித் தலைக்கு எண்ணெய்

"இடது பக்கம் மட்டும்தான் தடவினேன் அண்ணே."

சிராங்கூன் சாலை டிராமில், எனக்கு முன் பெஞ்சிலிருந்து இது காதில் விழுந்தது. வேலைக்குப் போகும் இரண்டு குமாஸ்தாக்கள். இருவருக்கும் தலைப்பாகை.

"எதைத் தடவினே?" என்றார் மூத்தவர்.

"முடி வளர்ற எண்ணெய். பினாங்கிலேருந்து பொண்ணு வீட்டுக்காரங்க அடுத்த மாசம் கப்பல்ல வர்றாங்க. ஒரு பாதிக்குத் தடவி, மறுபாதியைச் சும்மா விட்டா, எண்ணெய் வேலை செய்யுதான்னு தெரிஞ்சுடுமே? என் மூளையைப் பாருங்க!"

"நல்ல யோசனைதானேப்பா?"

"தூக்கத்துல புரண்டா அந்தப் பக்கமும் வழிஞ்சுடுது. இப்ப ரெண்டு பக்கமும் பூனைமுடி மாதிரி ஏதோ தெரியுது. எண்ணெயாலயா, தானாவா, எப்படிச் சொல்றது?"

"அப்ப ஒரு தலை பத்தாது. ரெண்டு வேணும். ஒண்ணுக்கு எண்ணெய், இன்னொண்ணுக்குக் கிடையாது."

"நம்ம ரெண்டு பேர் தலையும் இருக்கே! எண்ணெய் யாருக்குன்னு காசு சுண்டிடுவோம். நானே முடிவு பண்ணா எனக்குத்தான்னு சொல்லிடுவேன்."

சுண்டினார்கள். எண்ணெய் இளையவருக்கே விழுந்தது.

"ஒரு மாசம் நீங்க எண்ணெயைத் தொடக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

மூத்தவர் வெளியே போன மாட்டுவண்டியைப் பார்த்தார்.

"அதே எண்ணெயைத்தான் போன தீபாவளியிலேருந்து தடவறேன்பா."

"வளந்துச்சா?"

அவர் தலைப்பாகையை மெல்லத் தூக்கினார். பின்னாலிருந்த எனக்கே கண் கூசியது.

இளையவர் தன் தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"நான் ஒரு மடையன் அண்ணே. பாதித் தலையை வெச்சுக்கிட்டுத் தேடின விடை, தினமும் என் பக்கத்துலயே உட்கார்ந்து வேலைக்கு வந்திருக்கு."