மகனைத் தேடப் போகாமல் தேநீர் கொதிக்கவைத்த மர்குசிக்கு

வாடைக்கு வளையாத வல்லவரே! வழி தவறியவர்களை வீட்டு வாசலில் சேர்த்த வழிகாட்டியே! பனியின் போக்கறிந்த பண்பாளரே! வடதுருவக் கடலோரத்துத் துப்பிர்விக் ஊராட்சியின் தேடல் பிரிவுக்கு இத்தனை காலம் தலைமை தாங்கி, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் மர்குசி உகித்துக் அவர்களே! வணக்கம்.

இதோ, இப்போதே மூக்கைச் சுருக்குகிறீர்கள். வேண்டாம் என்கிறீர்கள், புரிகிறது. ஆனால் ஓய்வு பெறுகிறவரின் பேச்சு இன்று எடுபடாது. நாங்கள் புகழ்வோம், நீங்கள் கேட்டுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

உங்களுக்கு முன்பும் நம் ஊரில் தேடல் நடந்தது. பனியில் தடம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு என்றுமே பஞ்சமில்லை. யாரையாவது காணவில்லை என்று வானொலியில் சொன்னதும் ஊரே பனிவண்டிகளோடு வந்து நிற்கும். "குடிச்சிருக்கியா?" என்று ஒரே ஒரு கேள்வி. இல்லை என்று மூக்கைச் சுருக்கியவர்கள் புறப்படலாம். கஞ்சாவைப் பற்றி யாரும் கேட்டதில்லை. நம் ஊரில் குடிக்கிறவர்கள் பலர் புகைக்கவும் செய்கிறார்கள், இதில் மறைக்க என்ன இருக்கிறது? போதை இறங்கும் காலையில் கை நடுக்கம் நிற்க ஓர் இழுப்பு, உறக்கம் வராதபோது இன்னோர் இழுப்பு. அது அவர்களுக்கு மருந்து மாதிரி. குடியை விட்டுவிட்டேன், இப்போது கஞ்சா மட்டும்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்பவர்களும் நம்மிடையே உண்டு.

அப்படி ஒரு காலையில் மூக்கைச் சுருக்கிவிட்டுக் கிளம்பியவர்தான் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஜோபி. தூரத்தில் இருப்பதாக அவர் நினைத்த, உறைந்த கடலின் பிளவு அவருடைய வண்டிக்கு அடியிலேயே இருந்தது. வண்டி கடலுக்குள் போனது, குளிரில் உறைந்து இரண்டு கால்விரல்கள் போயின. காணாமல் போனவரைத் தேடுவதை விட்டுவிட்டு அன்று நாம் ஜோபியை இழுத்துக்கொண்டிருந்தோம். "வெறும் கஞ்சாதானேன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

அன்றோடு கேள்வியை மாற்றினீர்கள், மாண்புமிக்கவரே! "நேத்துலருந்து உள்ள என்னென்ன போச்சு? குடியா, புகையா, ரெண்டுமா?" ஆமாம் என்று புருவத்தை உயர்த்தியவரை நீங்கள் ஏசியதில்லை. போலீசிடம் சொன்னதில்லை, பெண்டாட்டியிடம் போட்டுக்கொடுத்ததும் இல்லை. "சரி, நீ டீயப் பாத்துக்க" என்று கூடார அடுப்பைக் காட்டுவீர்கள். தேடிக் களைத்து வருகிறவர்களுக்குச் சூடாக ஏதாவது வேண்டுமே, அதுவும் வேலைதான். ஆனாலும் இன்னார் இன்று டீ போட்டார் என்றால் என்ன அர்த்தமென்று ஊருக்கே தெரியும். அந்த வெட்கத்துக்குப் பயந்து பொய் சொன்னவர்கள் இருந்தார்கள். அது உங்களை அரித்துக்கொண்டே இருந்தது, நாங்கள் அறிவோம்.

பிறகு அந்த ஈஸ்டர் பண்டிகை வந்தது. முதல் நாள் விருந்தில் நீங்கள் குடித்தீர்கள். காலையில் தலை பிளந்தது, புகைத்தீர்கள். நண்பகலில் பனிப்புயல் எழுந்தது. பனிக்கோழி வேட்டைக்குப் போன உங்கள் மகன் புத்துலிக் திரும்பவில்லை. நாங்கள் வண்டிகளோடு வந்து நின்றோம். நீங்கள் எங்களைக் கேட்கும் முன்பே உங்கள் புருவத்தை உயர்த்திக் காட்டினீர்கள்.

ஜோபிதான் பொறுக்கமாட்டாமல் கத்தினார்: "யோவ் மர்குசி, அது உம்ம புள்ளைய்யா! குடிச்சது நேத்து. இன்னிக்கு வெறும் கஞ்சாதானே!"

"அதயே சொல்லித்தான் உன் வெரல் போச்சு" என்றீர்கள். "எனக்குக் கை நடுங்கல ஜோபி. ஆனா அந்தக் கொடிக்கம்பம் கிட்ட இருக்கா, தூரமா இருக்கான்னு தெரியல. நான் வந்தா நீங்க ரெண்டு பேரைத் தேடணும்."

பிறகு நம் அணியின் சியாசியிடம் திரும்பினீர்கள். உங்கள் மறைந்த தாயாரின் பெயரைச் சுமப்பவர் சியாசி. நம் வழக்கப்படி பெயரோடு உறவும் சேர்ந்தே வருவதால், வயதில் எவ்வளவோ இளைய அவரை நீங்கள் அம்மா என்பீர்கள், அவர் உங்களை மகனே என்பார்.

"அம்மா, நீ முன்னால போ. நான் டீ போடறேன்."

"போட்டு வை மகனே. என் பேரனோட வர்றேன்" என்றார் சியாசி.

நீங்கள் அடுப்பருகே உட்கார்ந்தீர்கள். வெளியே எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்தீர்கள், பிறகு உட்கார்ந்தீர்கள். அழுதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். மறுநாள் பகலில், பனிக்குழிக்குள் பதுங்கியிருந்த புத்துலிக்கைச் சியாசி உயிரோடு கொண்டுவந்து சேர்த்தார். குளிரில் கன்னங்கள் கருத்திருந்தன, மற்றபடி குறையில்லை. நீங்கள் மகனைக் கட்டிக்கொண்டீர்கள். சியாசி ஒரு வாய் குடித்துவிட்டு, "மகனே, இது டீயா, தாரா?" என்றார். கொதிக்கக் கொதிக்க நீங்கள் கெண்டியை இறக்கவே இல்லை.

தன்னலம் தவிர்த்த தலைவரே! அன்றிலிருந்து நம் ஊரில் கெண்டியைத் தொடுகிறவர் தலையைக் குனிவதில்லை. குடி ஒழிந்துவிட்டது, கஞ்சா மறைந்துவிட்டது என்றெல்லாம் புளுகி இந்த மடலை நாங்கள் கெடுக்க மாட்டோம். இரண்டும் இருக்கின்றன, பெரும்பாலும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. ஆனால் அதைச் சொல்லாமல் எவரும் வண்டி ஏறுவதில்லை.

இனி அழைப்பொலி கேட்டு அலறியடித்து எழாமல் நீங்கள் நிம்மதியாக உறங்க வேண்டும். வசந்தந்தோறும் காட்டு வாத்துகள் உங்கள் தலைக்கு மேலாகத் தாழப் பறக்க வேண்டும். மூட்டு வலியின்றி, மூப்பின் முணுமுணுப்பின்றி, பேரப்பிள்ளைகள் புடைசூழ நெடுங்காலம் நலமோடு வாழ வேண்டும்!

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறோம். விழா முடிந்ததும் உங்களை வண்டிகளில் ஊர்வலமாக வீட்டுக்கு அழைத்துப் போகிறோம் அல்லவா? உங்கள் இடத்துக்கு வந்துள்ள சியாசி, சற்றுமுன் வண்டியோட்டிகளை வரிசையாக நிற்கவைத்து அதே கேள்வியைக் கேட்டார். உங்கள் பக்கத்து நாற்காலி ஏன் காலியாக இருக்கிறது என்று நீங்கள் அடிக்கடி திரும்பிப் பார்க்கிறீர்கள். அந்த வரிசையில் நின்ற புத்துலிக் புருவத்தை உயர்த்திவிட்டான். தந்தையின் விழா நாள், ஒரு பொய் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் சொல்லவில்லை. இப்போது உங்கள் கைக்கு வரப்போவது அவன் போட்ட தேநீர்.

உங்கள் கேள்விக்கு இன்றும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்,
துப்பிர்விக் ஊராட்சி ஊழியர்களும் தேடல் அணியினரும்,
கூடத்தில் இருப்பவர்களும், அடுப்படியில் இருப்பவர்களும்.