நம்பிக்கை நடை

பதுளைத் தண்ணீரில் தலைமுடி கொட்டாது, ஜெனீரா. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் முழுகி வளர்ந்தவளுக்கு அது சின்ன விஷயமில்லை. வேலைக்கென்று இங்கே வந்த புதிதில் ஒரு வருடம் இருந்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு தலைமுடிக்காகவே தங்கிவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பேன். உங்களிடமும் சொல்லியிருப்பேன். நீங்கள் பொலிஸில் சேர்ந்த காலத்தில் என் வகுப்புக்கு வந்திருந்தீர்கள், முன்வரிசையில் இருப்பீர்கள்.

அதனால்தான் வாக்குமூலத்தை உங்களிடமே தரவேண்டும் என்று கேட்டேன். ஒருவர் பேசும்போது குறுக்கே விழாமல் கேட்க உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லித் தந்தது நான்.

நீங்கள் பிடித்து வைத்திருக்கும் கணக்கப்பிள்ளை ரஜீவ் நல்ல மனிதன் இல்லை. மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களை மேற்பார்ப்பது அவன் வேலை. அந்த வேலையைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களை அவன் என்ன பாடு படுத்தினான் என்று தோட்டத்துப் பெண்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதற்கு அவனுக்குத் தண்டனை கொடுங்கள். ஆனால் தயானி பள்ளத்தில் விழுந்ததில் அவன் கை இல்லை. செய்யாத குற்றத்துக்கு ஒருவனை உள்ளே வைப்பது நியாயமில்லை. சமத்துவம் என்று ஊர் ஊராகப் பேசித் திரிகிறவள் அதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க முடியாது.

முதலில் இருந்து சொல்கிறேன்.

ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள பழைய பங்களாவை எங்கள் அமைப்பு பயிற்சிக்கு எடுத்திருந்தது. தலைமைத்துவம், சமத்துவம், பன்முகத்தன்மை, முரண்பாடு தீர்த்தல். தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள், பக்கத்துக் கிராமங்களிலிருந்து சிங்களப் பிள்ளைகள், டவுனிலிருந்து முஸ்லிம் ஆசிரியைகள். கதிரைகளை வட்டமாகப் போடுவேன். வட்டத்தில் முதல் கதிரையும் இல்லை, கடைசிக் கதிரையும் இல்லை. அந்த வட்டத்துக்குள் ரஜீவும் இருந்தான். தொழிலாளிகளை மட்டும் கூப்பிட்டு மேற்பார்க்கிறவர்களை விட்டால் அது பயிற்சி இல்லை, கூட்டம் என்று தோட்ட நிர்வாகத்துக்குச் சொல்லி அவனைக் கேட்டு வாங்கியவளே நான்தான்.

தயானி அவன் தோட்டத்துப் பிள்ளை. தாயும் மகளும் அவனுக்குக் கீழேதான் கொழுந்தெடுத்தார்கள். அவள் ஒருநாளும் முதலில் உட்காரமாட்டாள். அவன் உட்காரும் வரைக்கும் சுவரோடு நிற்பாள். பிறகு அவனுடைய கை தெரிகிற மாதிரி ஒரு கதிரையைத் தெரிவு செய்வாள். யாராவது பின்னால் நடந்தால் தோள் இரண்டும் மேலே ஏறிவிடும். கூச்ச சுபாவம் என்று எடுத்துக்கொண்டேன். தோட்டத்துப் பிள்ளைகளிடம் அது சகஜம், பழகப் பழகப் போய்விடும்.

ஒரு நாள் தேத்தண்ணி இடைவேளையில் பைப்படிக்கு என் பின்னாலேயே வந்தாள். கோப்பையைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவன் செய்வது, மலையில் தனியாக ஒதுக்கி வைத்துச் செய்வது. மறுத்தால் அடுத்த நாள் தாயைச் சரிவான இடத்துக்கு அனுப்புவான். கழுவின கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள்.

"யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியல மிஸ். சொன்னா லயத்து வீட்டுல இருக்க விடமாட்டான். அம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துரும்."

"பயப்பிடாதையும் பிள்ளை. கதைச்சுத் தீர்க்கேலாத பிரச்சினை இல்லை," என்றேன்.

"அந்தாளோடயா மிஸ்?"

"அவரும் மனிசன்தானே. நான் ஒழுங்கு செய்யிறன்."

பொலிஸுக்கு வந்திருக்கலாமே என்று இப்போது நினைப்பீர்கள். வந்திருந்தால் பயிற்சி குழம்பியிருக்கும். தோட்டம் தன் ஆட்களை அழைத்துக்கொண்டு போயிருக்கும். அதற்குப் பிறகு எந்தத் தோட்டமும் எங்களுக்குக் கதவு திறக்காது. ஒரு பிள்ளைக்காக எத்தனை பிள்ளைகளின் சந்தர்ப்பத்தைக் கெடுப்பது? அதோடு, முரண்பாடு என்றால் இரண்டு பேர் எதிரெதிரே இருந்து பேச வேண்டும் என்று நான் கற்பிக்கிறேன். கற்பிக்கிறதை நானே நம்பாவிட்டால் எப்படி?

பாய்களும் பலகைகளும் அடுக்கி வைக்கிற அறையில் இரண்டு கதிரை போட்டேன். தயானி வாசலில் நின்றுவிட்டாள். சட்டையின் விளிம்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"கதவு மட்டும் தெறந்து கெடக்கட்டும் மிஸ்."

"சரி."

"நீங்க இங்கதானே நிப்பீங்க?"

"வெளியில நிப்பன். போம்."

நான் நின்றேன். அதில் பொய் இல்லை. ஆனால் மற்றவர்கள் தேத்தண்ணி முடித்துக் கூடத்துக்குத் திரும்பத் தொடங்கினார்கள். இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். இரகசியம் காப்பது எங்கள் முதல் விதி. கதவைச் சாத்தினேன்.

உள்ளே கதிரை சாய்கிற சத்தம் கேட்டது. பிறகு "மிஸ்" என்று ஒரு தரம். சத்தமாக இல்லை. வாயில் கையை வைத்தால் வருமே, அந்த மாதிரி. நான் கைப்பிடியில் கை வைத்தேன். வைத்துக்கொண்டே நின்றேன். நடுவர் இடையில் புகுந்தால் பேச்சு கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. கை மட்டும் மரத்துப் போயிருந்தது.

ரஜீவ் முதலில் வெளியே வந்தான். "பேசியாச்சு மிஸ், எல்லாம் சரி," என்றான். தயானி பிறகு வந்தாள். சட்டையின் கழுத்தடி கிழிந்திருந்தது. என்னிடம் எப்போதும் ஊசி இருக்கும். நானே கிழிசலைச் சேர்த்துக் குத்திவிட்டேன். அவள் அசையாமல் நின்று குத்த விட்டாள்.

மறுநாள் காலை புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மேசைக்கு வந்தாள். வணக்கம் சொன்னாள். பிறகு சொன்னாள்:

"நாளைக்கு முடிவு விழாவுக்குப் பெரியவங்க எல்லாம் வர்றப்போ நான் பேசப் போறேன் மிஸ். அந்தாளு செஞ்சதச் சொல்லுவேன். நீங்க கதவச் சாத்துனதையும் சொல்லுவேன்."

"என்னில கோபமோ பிள்ளை?"

"கோவமெல்லாம் இல்ல மிஸ். எனக்கு இப்பவும் கை நடுங்குது, பாருங்க. நீங்கதானே சொன்னீங்க, பயந்துக்கிட்டே எந்திரிச்சு நிக்கிறதுதான் தலைமைன்னு."

உண்மைதான், அது என் வசனம். எத்தனையோ மண்டபங்களில் சொல்லியிருக்கிறேன். யாரும் அதைத் திருப்பி எனக்குச் சொன்னதில்லை.

பயம் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, ஜெனீரா. போர்க்காலத்தில் ஊரை விட்டு ஓடியவள்தான் நான். அப்போது எல்லாரோடும் சேர்ந்து பயந்தேன். இது தனியாகப் பயப்படுவது. பலகையில் எழுதப் போனால் எழுத்து கோணியது. அவள் சிரித்தால் என்னைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கிறாளோ, யாரோடாவது தனியாக நின்றால் இப்போதே சொல்லிவிட்டாளோ என்று கிட்டப் போய் நின்று பார்த்தேன். பத்து மணி வகுப்பில்தான் கவனித்தேன், நான் தயானியின் கை தெரிகிற கதிரையாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

யோசித்தேன். அவள் எழுந்து பேசினால் ரஜீவுக்கு என்ன நடக்கும்? வேறு தோட்டத்துக்கு மாற்றுவார்கள். எனக்குத்தான் எல்லாம் போகும். என்னோடு இந்தப் பயிற்சியும் போகும். இனி வரப்போகிற பிள்ளைகள் எல்லாரும் பழையபடி சுவரோடு நிற்பார்கள். அவர்களுக்காக யாராவது யோசிக்க வேண்டும். தலைவர்கள் செய்கிற வேலை அதுதான்.

பின்னேரம் நம்பிக்கை நடை. நீங்களும் நடந்திருக்கிறீர்கள். பாதிப்பேருக்குக் கண்ணைக் கட்டுவோம். மற்றப் பாதி அவர்களின் கையைப் பிடித்து, வாய் திறக்காமல் நடத்திச் செல்லும். இடையில் நடத்துகிறவர்களில் ஒருவர் இன்னொருவரின் தோளைத் தட்டினால், தட்டுப்பட்டவர் பிடித்த கையைத் தட்டியவரிடம் விட்டுவிட்டு வேறொருவரிடம் போக வேண்டும். கண் கட்டியவருக்குத் தன்னை நடத்துவது யார் என்று தெரியாது. வழக்கமாகப் புல்தரையில் செய்வோம். அன்றைக்குப் புல் ஈரம் என்று சொல்லி எல்லாரையும் தேயிலைக்குள் போகிற தோட்டப் பாதைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புல் ஈரமாகத்தான் இருந்தது.

பனிமூட்டம் இறங்கிவிட்டது. நாலடிக்கு அப்பால் ஆளே தெரியாது. தயானியை நடத்தியவள் ஸித்தி ஸுபைதா, டவுனில் படிப்பிக்கிற பிள்ளை. நான் பின்னால் இருந்து ஸுபைதாவின் தோளைத் தட்டினேன். அவள் கையை விட்டுவிட்டு நகர்ந்தாள். தட்டியது ரஜீவ்தான் என்று அவள் உங்களிடம் சத்தியம் செய்திருக்கிறாள். பொய் சொல்கிறாள் என்று நினைக்காதீர்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. தட்டியது நானாக இருக்கும் என்று அவளுக்கு நினைக்க வரவில்லை, அவ்வளவுதான். ரஜீவ் அந்த நேரம் பங்களாவின் பின்பக்கம் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் சொல்வதை ஒருவரும் நம்பவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவன் சொல்வது உண்மை.

ஏன் இன்றைக்கு வந்தேன் என்று கேட்பீர்கள். செத்த வீட்டில் தாய் பாக்கியலெட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "புள்ள ஒங்க பேச்சேதாங்க மிஸ். எங்க மிஸ் இருந்தா எனக்குப் பயமே இல்லன்னு சொல்லிச்சுங்க," என்றாள். கையை இழுக்கப் பார்த்தேன், அவள் விடவில்லை. அதிலிருந்து யார் என் கையைத் தொட்டாலும் கால் நின்றுவிடுகிறது. பஸ்ஸில் மிச்சக் காசு தருகிறவனின் விரல் பட்டாலும் நின்றுவிடுகிறேன். அடுத்த அடி எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இந்தப் படியேறி வரவும் உங்கள் வாசல் காவலர் முன்னால் நடக்க வேண்டியிருந்தது.

கொஞ்சம் தண்ணீர் தாருங்கள். மிச்சத்தையும் சொல்கிறேன்.

நான் தயானியின் கையைப் பிடித்தேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள். கை சில்லிட்டு, உள்ளங்கை நனைந்து போயிருந்தது. மூச்சு மேலேயே நின்றது.

"யாரு?"

நான் பேசவில்லை. விதி அது.

"கணக்கப்பிள்ளையா?" என்றாள். மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி. கத்தவில்லை. கத்தினாலும் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கட்டை அவிழ்க்கக்கூட அவள் கை எழவில்லை.

ஒரு பிள்ளை அப்படிப் பயப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. விதியை மீறினேன்.

"நான்தான் பிள்ளை."

"மிஸ்ஸா," என்றாள். அடக்கின மூச்செல்லாம் வெளியே வந்தது. மற்றக் கையையும் தூக்கி என் கைமேல் வைத்துக்கொண்டாள்.

பிறகு நன்றாக நடந்தாள். கண் கட்டியவள் மாதிரியே இல்லை. பாதை வளைகிற இடத்தைத் தாண்டினோம். மற்றவர்களின் காலடிச் சத்தம் குறைந்தது.

"கட்ட அவுத்துரவா மிஸ்?"

"இன்னும் கொஞ்சத் தூரம்."

அங்கே பாதையின் கீழ்ப்பக்கம் கடைசி மழையில் சரிந்து போயிருந்தது. தோட்டத்து ஆட்கள் இரண்டு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். அந்தக் கம்புகள் எங்கே என்று உங்கள் ஆட்கள் தேடியதாகக் கேள்விப்பட்டேன். மேல்பக்கத்துத் தேயிலைக்குள் கிடக்கின்றன. மத்தியானமே நான் பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

ஓரத்துக்கு வருமுன் அவளுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தேன். யாருக்கும் சந்தர்ப்பம் கொடுக்காமல் நான் ஒன்றும் செய்கிறவள் இல்லை.

"நாளைக்குக் கட்டாயம் சொல்லத்தான் போறீரோ?"

"ஆமா மிஸ். பயமாத்தான் இருக்கு. நீங்க பக்கத்துல நின்னா சொல்லிருவேன்."

"நிப்பன்."

அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன், மெதுவாக, அவள் தடுமாறாதபடி.

"இதில ஒரு படி இருக்கு. காலைக் கீழ வையும்."

வைத்தாள்.

சத்தம் அதிகம் வரவில்லை. கல் உருளுகிற சத்தம்தான் கொஞ்ச நேரம் கேட்டது. நான் திரும்பி வந்து எல்லாரையும் வரிசையாக நிற்கச் சொல்லிக் கட்டுகளை அவிழ்த்தேன். எண்ணும்போது ஒருவர் குறைந்தது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இது முக்கியம். பயிற்சி முடிவில் பங்குபற்றியவர்களிடம் பயம் குறைந்திருக்கிறதா என்று பணம் தருகிறவர்கள் எங்களைக் கேட்பார்கள். வட்டத்துக்குள் வந்து உட்காரவே நடுங்கிய பிள்ளை அந்தக் காலைக் கொஞ்சமும் தயங்காமல் வைத்தாள், ஜெனீரா. தயானியைப் பொறுத்தவரை குறைந்திருந்தது.