மருத்துவர் தமிழ்ச்செல்வி படுத்துப் பார்த்த ஸ்ட்ரெச்சர்

மேடையில் இருக்கும் பெரியோர்களே, மருத்துவமனை நடத்தும் நண்பர்களே, செவிலியத் தங்கைகளே, முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும், மறைந்த அம்மையாரின் கணவர் சம்பத் அவர்களே! எல்லாருக்கும் இந்த ஜெயினுலாபுதீனின் ஸலாம்.

உரிமம் தருமுன் நம் மருத்துவமனைகளை ஆய்வு செய்த அரசு அதிகாரி மருத்துவர் தமிழ்ச்செல்வி அம்மையாரைப் பற்றி, தனியார் மருத்துவமனைகள் சங்கத் தலைவனாக என்னைப் பேசச் சொன்னார்கள். எந்தச் சங்கம்? "கட்டணம் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், நேரில் ஆய்வு வேண்டாம்" என்று அரசுக்கு மனு கொடுத்த அதே சங்கம்! எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

படூர் முதல் மாமல்லபுரம் வரை அவருக்குப் பயப்படாத மருத்துவமனை உண்டா? நாலு வருடத்துக்கு முன் திருப்போரூரில் நான் ஒன்று கட்டினேன். உரிமக் கட்டணம், ஆய்வுக் கட்டணம் இரண்டையும் கட்டி, ரசீதுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினேன். உரிமமே கைக்கு வந்துவிட்ட நினைப்பு!

அம்மையார் வந்தார். ரசீதைப் பார்த்துச் சிரித்தார். நேரே மாடிக்குப் போய் ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துக்கொண்டார். எங்கே போனாலும் அதுதான் அவர் வழக்கம். "நான் பேஷண்ட்டு. கீழ ஆம்புலன்ஸுக்குத் தள்ளுங்க" என்றார்.

சாய்தளத்தின் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் சிக்கியது. "வளைய மாட்டேங்குது மேடம், செவுத்துல இட்ச்சிகினு கீது" என்றார் எங்கள் ஊழியர் மணி.

"பீஸ் கட்டிட்டேனே மேடம்!" என்றேன் நான்.

"நீங்க கட்டுனது நான் வந்து பாக்குறதுக்கு சார், பாஸ் போடுறதுக்கு இல்ல. செவுத்த இடிங்க. மறுபடி கட்டுங்க, மறுபடி வரேன்."

மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. ஒவ்வொரு செங்கல்லை உடைக்கும்போதும் அவரைத் திட்டினேன்.

போன ஆடிக் கிருத்திகை அன்று மதியம் மின்பலகையில் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி கோவில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. மாடியில் பதினொரு நோயாளிகள். ஒருவராலும் எழுந்து நடக்க முடியாது. புகைக்குள்ளிருந்து மணியின் குரல் மட்டும் கேட்டது: "வளையுது சார்! வந்துகினே கீறோம்!"

பதினொரு பேரும் பிழைத்தார்கள்! எத்தனை பெரிய மனுஷி அவர்! யார் முகத்தையும் பார்க்காமல் பதினொரு வீடுகளைக் காப்பாற்றியவர்!

அழுதபடி போன் செய்தேன். "எல்லாரும் நல்லா இருக்காங்களா? ஒயரிங் மாத்திட்டு சொல்லுங்க, வந்து பாக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

நண்பர்களே, அந்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. தீ விபத்துக்கு முன்பு போட்டது. அதற்குப் பிறகும் ஏன் திரும்பப் பெறவில்லை? உங்களுக்குப் பயந்தேன். அம்மையாருக்கு எல்லாம் தெரியும். ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை.

நாளைக் காலை மனுவைத் திரும்பப் பெறப் போகிறேன். அதற்காகத் தலைவர் பதவி போனாலும் போகட்டும். அவர் இடத்துக்கு வருகிறவர் என் மருத்துவமனைக்கும் வரட்டும், குறையிருந்தால் பூட்டட்டும். பத்து மணிக்கு, மனு கொடுத்த அலுவலக வாசலில் நிற்பேன். உங்களில் யார் என்னோடு வருகிறீர்கள்?