சலேசி சோற்றுக்கு முன் செய்த ஜெபம்

அரங்கின் நடுநாயகமாக வீற்றிருந்து, என் பெயர் அழைக்கப்பட்டதும் எழுந்த பெருமூச்சை இருமலாக மாற்றிக்கொண்ட தலைவர், போதகர் பெருந்தகை அவர்களே. நாம் பிறந்த வவாவுத் தீவின் அலையையும் கண்டு, நாம் குடியேறிய சிட்னி மேற்கின் அனலையும் வென்று, முழங்கால் வலியை முகத்தில் காட்டாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே. ஒரே பார்வையில் ஊரை உட்கார வைக்கும் வல்லமை வாய்ந்த அத்தைமார்களே. பெற்ற பிள்ளை எது, வளர்த்த பிள்ளை எது என்று கேட்டால் விழிக்கும் தாய்மார்களே. மரபணுக் கல்வியில் மேற்பட்டம் பெற்று, செவிலியர்களுக்குள் சிகரமாய் இன்று மாலை சூடியிருக்கும் எங்கள் லாத்தாய் அவர்களே. கோழி வெட்டும் ஆலையிலிருந்து கை கழுவிவிட்டு நேராக மேடையேறியிருக்கும் செய்னியின் வணக்கம்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். இன்று நான் மார்பு என்ற சொல்லைச் சொல்லப் போகிறேன்.

சொல்லியே விட்டேன். பார்த்தீர்களா, பாதி அரங்கு தரையைப் பார்க்கிறது, மீதி அரங்கு கூரையைப் பார்க்கிறது. அண்ணன் தம்பியும் அக்கா தங்கையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது உடம்பைப் பற்றிய பேச்சு கூடாது என்பது நம் மரபு. அதை மீறச் செய்ய நான் வரவில்லை. ஆகவே, உடன்பிறந்த பெண்களோடு வந்திருக்கும் ஆண்மக்கள் எல்லோரும் எழுந்து வெளியே போய்விடுங்கள். சன்னல்கள் திறந்தே இருக்கின்றன. சன்னலுக்கு வெளியே நிற்பவன் அரங்கில் இல்லாதவன். அரங்கில் இல்லாதவன் எதையும் கேட்காதவன். புரிகிறதா? அடுப்புக் குழியின் பக்கம் போகாதீர்கள், பன்றி இன்னும் வேகவில்லை. சன்னலுக்கு வாருங்கள்.

நல்லது. இப்போது அரங்கு அரையாகிவிட்டது, ஆனால் சன்னலெல்லாம் காதாகிவிட்டது.

சொந்தங்களே, என் கணவர் சலேசியை நீங்கள் அறிவீர்கள். அறியாதவர்கள், இரண்டாவது சன்னலில் வெளிச்சத்தை மறைத்து நிற்கும் மலையைப் பாருங்கள். பாரவண்டி ஓட்டுகிறார். பாரவண்டியே அவரைக் கண்டு ஒதுங்கும். யாருக்கும் அஞ்சாத அந்த மலை ஒரே ஒருவருக்கு அஞ்சும். அவருடைய அக்கா, என் நாத்தனார் லெசியெலி. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே என் கணவர் தொலைக்காட்சியை அணைப்பார், சட்டைப் பொத்தானைப் போடுவார், சிரிப்பை நிறுத்துவார். நம்மில் அக்கா என்றால் அரசி. கல்யாணத்தில் சீராக வரும் நல்ல பாய் அவருக்கு, சாவில் வரும் நல்ல பாயும் அவருக்கு. தம்பியின் மனைவியான எனக்கு? இரண்டிலும் பாத்திரம் கழுவும் பதவி.

அந்த மலையின் மார்பில் ஒரு நாள் கட்டி ஒன்று கண்டது. என்ன என்று கேட்டேன். ரக்பி காயம் என்றார். அவர் கடைசியாக ரக்பி ஆடியபோது எங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை. இத்தனை வருடம் அந்தக் காயம் எந்த ஊரில் தங்கியிருந்தது என்று கேட்டேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஆணுக்கும் மார்பில் புற்றுநோய் வரும் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரியும். கட்டியை எடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், மலை பிழைத்துக்கொண்டது. அக்கா காதுக்குப் போனது ரக்பி காயம் மட்டும். கைதட்டாதீர்கள், கதை இனிமேல்தான்.

அங்கேதான் லாத்தாய் வந்தார். ஆணுக்கு இது வருவது அரிது, ஆகவே இது குடும்பத்தில் வருவதா என்று சலேசியின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்றார். சோதித்தார். மரபணுவில் ஒரு பிழை என்றார். எனக்கு விளங்கவில்லை. படிப்பு என்னிடமிருந்து சின்ன வயதிலேயே தப்பி ஓடிவிட்டது, நானும் துரத்தவில்லை. உடனே லாத்தாய் என்ன செய்தார் தெரியுமா? நம் பாட்டுக் குழுவின் தாளைக் காட்டினார். எண்களால் எழுதிய நம் இசைத்தாள்.

“அக்கா, இந்தத் தாளைப் பாத்து அடுத்தவங்க எழுதுறாங்க, அதைப் பாத்து அதுக்கடுத்தவங்க எழுதுறாங்க. ஒருத்தர் மூணுக்குப் பதிலா அஞ்சுன்னு எழுதிட்டா?”

“அதைப் பாத்து எழுதுனவ எல்லாம் அதே எடத்துல கத்துவா” என்றேன்.

“அவ்வளவுதான் மரபணு.”

அப்பாவிடம் இரண்டு தாள், அம்மாவிடம் இரண்டு தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இருவரும் ஆளுக்கு ஒரு தாள் கொடுக்கிறார்கள். பிழைத் தாள் விழுந்தாலும் விழலாம், நல்ல தாள் விழுந்தாலும் விழலாம். சலேசிக்குப் பிழைத் தாள் அப்பா வழியில் வந்திருக்கலாம் என்றார், ஏனென்றால் அவருடைய அத்தை ஒருவர் வவாவுவில் இளவயதிலேயே இறந்தார். என்ன நோய் என்று கேட்டால் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? அந்த அத்தையின் வேதனையை அவருடைய அண்ணன் தம்பிகளின் காதில் யாரும் போடவில்லை. மரியாதை காத்தது, மனுஷி போனாள்.

இப்போது கேள்வி என்ன? அதே தாள் லெசியெலி நாத்தனாருக்கும் விழுந்திருக்குமா? சோதித்தால் தெரியும். சீக்கிரம் சோதித்தால் உயிர் தப்பும். ஆனால் செவிலியரின் சட்டம் ஒன்று உண்டு. தம்பி வாய் திறந்து சொல்லாமல் லாத்தாய் போய் அக்காவின் கதவைத் தட்டக் கூடாது. தம்பியோ அக்கா முன் கழுத்துக்குக் கீழே ஒரு சொல்லும் சொல்ல முடியாதவர். கழுத்து என்பதே அவருக்குக் கொஞ்சம் அதிகம்.

தம்பியே வாய் திறக்கட்டும் என்று லாத்தாய் குடும்பத்தை மருத்துவமனையில் ஒரே அறையில் கூட்டினார். சன்னலில் சிரிக்கிறீர்களே, உங்களுக்குத் தெரியும். நம் பெண்தானே இவர், இவருக்குத் தெரியாதா என்று நானும் வியந்தேன். பிறகுதான் புரிந்தது. லாத்தாய் வீட்டில் எல்லாரும் பெண் பிள்ளைகள். அண்ணன் தம்பி வாசனையே படாமல் வளர்ந்தவர். அக்காவைக் கண்டு தம்பி வியர்ப்பதை அவர் கேள்விப்பட்டிருக்கிறார், கண்டதில்லை. அன்று கண்டார். நாத்தனார் வலப்பக்கம், என் கணவர் இடப்பக்கம். லாத்தாய் பலகையில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் வரைந்து, இந்த நோய் உடம்பில் எங்கே வருகிறது என்று தொடங்கினார். அடுத்த நொடி, வண்டிக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று என் கணவர் எழுந்து போனார். மின்விசிறியைத் துடைக்க வேண்டும் என்று நாத்தனார் எழுந்தார். அது மருத்துவமனையின் மின்விசிறி.

சரி, நேரே சொல்ல முடியாவிட்டால் ஆள்விட்டுச் சொல்வோம் என்றார் கணவர். என்னிடம் சொன்னார். தம்பி உடம்பைப் பற்றி அக்கா காதில் போட தம்பி மனைவிக்கு ஏது தகுதி? நான் போதகர் மனைவியிடம் சொன்னேன். போதகரம்மா, எழுந்திருக்க வேண்டாம், உங்களைக் குறை சொல்லவில்லை. நான் கட்டி என்பதை நோய் என்றேன். அம்மா நோயை உடல்நலக் குறைவு என்றார். அவர் சொல்லியனுப்பிய மாதர் சங்கத் தலைவி அதற்கும் மேலே ஒரு பட்டு போர்த்தினார். நம் மக்கள் கெட்ட செய்தியைக் கையில் கொடுக்கமாட்டார்கள், பாயில் சுற்றித்தான் கொடுப்பார்கள். கடைசியில் நாத்தனார் வாசலுக்குப் போய்ச் சேர்ந்த செய்தி இது: தம்பிக்குச் சுகமில்லை, குடும்பத்துப் பெண்கள் உடம்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நாத்தனார் என்ன செய்தார்? எங்களுக்கெல்லாம் எடை கூடிவிட்டது என்று முடிவு கட்டினார். மறுநாள் விடியலில் என் கதவைத் தட்டினார்.

“கெளம்புடி. நடக்கப் போறோம்.”

“எங்கே அண்ணி?”

“எங்கேயும் இல்ல. சும்மா நடக்கணும்.”

சொந்தங்களே, மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். என் வாழ்நாளில் நான் சுற்றியது விருந்து மேசையை மட்டும்தான். தேங்காய்ப்பாலை நிறுத்தினார். சேம்பிலையில் கறி வைத்துப் பொதியும் லூவை நிறுத்தினார். மரபணுவால் வந்த ஆபத்துக்கு மனிதப் பலி நானா? ஒவ்வொரு சுற்றிலும் அவர் முன்னே நடப்பார், நிமிர்ந்து, ராணுவம் போல. பின்னால் மூச்சு வாங்கியபடி அவர் முதுகைப் பார்ப்பேன். இந்த உடம்புக்குள் அந்தத் தாள் இருக்கிறதா இல்லையா என்று நினைக்கும்போது எனக்குக் கிண்டல் வரவில்லை. அவர் என்னைப் பாத்திரம் கழுவ வைத்தவர்தான். என் மூத்தவள் பிறந்தபோது மூன்று நாள் தூங்காமல் என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான்.

ஞாயிறு வந்தது. ஆராதனை முடிந்து நாத்தனார் வீட்டில் விருந்து. அவர் தம்பியைப் பார்த்து, சோற்றுக்கு முன் நீ ஜெபம் செய் என்றார். என் கணவர் ஜெபம் உங்களுக்குத் தெரியும். நன்றி ஆண்டவரே, ஆமென். சோறு ஆறக் கூடாது என்பது அவருடைய இறையியல். எல்லாரும் தலை குனிந்தோம், கண் மூடினோம். மலை பேசத் தொடங்கியது.

“ஆண்டவரே, சோத்துக்கு நன்றி. எங்க அக்காவுக்கு நன்றி.”

ஆமென் வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்தேன். அவர் கழுத்தில் வியர்வை ஆறாய் ஓடுகிறது.

“ஆண்டவரே, உமக்கு எல்லாம் தெரியும். நான் இப்போ உம்மகிட்டதான் பேசுறேன். வேற யார்கிட்டயும் பேசல. என் மார்ல ஒரு கட்டி வந்துச்சு, அது புத்துநோய். எங்க அப்பா இரத்தத்துல வர்ற வியாதின்னு நர்ஸ் சொல்லுது. எங்க அத்தையும் இதுலதான் போனாங்களோ என்னவோ, எங்களுக்கு யாரும் சொல்லல. அது எங்க அக்கா உடம்புலயும் இருக்கலாம் ஆண்டவரே. அவங்க போய் இரத்தம் கொடுத்துப் பாக்கணும். நான் எப்படிச் சொல்றது? நீரே அவங்களுக்குச் சொல்லும். எங்க அக்கா இல்லாம எனக்குத் தெரியாது ஆண்டவரே, ஒண்ணுமே தெரியாது.”

அந்த வீட்டில் யாரும் கண் திறக்கவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது, ஆறட்டும் என்று முதன்முறையாக நான் நினைத்தேன். அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து கட்டைக் குரல் ஒன்று எழுந்தது. நாத்தனாரின் குரல், கண் மூடியபடியே.

“ஆண்டவரே, என் தம்பிகிட்ட சொல்லும். நான் கேட்டுட்டேன். செவ்வாய்க்கிழமை போறேன். இத்தனை நாள் தனியா சுமந்துட்டு இருந்தியாடா பைத்தியக்காரான்னு கேளும். அப்புறம் அவன் பொண்டாட்டிகிட்டயும் சொல்லும், நாளையிலிருந்து நடக்க வேணாம்னு. ஆமென்.”

சொந்தங்களே, அந்த ஆமெனுக்கு நான் சொன்ன ஆமென் பக்கத்துத் தெருவில் கேட்டது.

செவ்வாய்க்கிழமை போனார். பிழைத் தாள் அவருக்கும் விழுந்திருந்தது. படம் எடுத்துப் பார்த்தார்கள். கைக்குத் தட்டுப்படாத, கண்ணுக்குத் தெரியாத, பட்டாணி அளவு ஒன்று பதுங்கியிருந்தது. எடுத்தார்கள். எடுத்தாகிவிட்டது. இதையெல்லாம் மேடையில் சொல்லச் சொன்னதும் அவர்தான். நீ சொல்லு, நான் சொன்னா சலேசி செத்துருவான் என்றார். அதோ, மூன்றாவது வரிசையில், என் கூந்தல் கலைந்திருக்கிறது என்று சைகை காட்டிக்கொண்டிருக்கிறாரே, அவரேதான். சரி அண்ணி, இதோ சரி செய்கிறேன்.

லாத்தாயை நாம் எதற்குப் பாராட்டுகிறோம்? பட்டத்துக்கா? பட்டம் சுவரில் தொங்கும். பலகைக்கா? பலகையை நானே துடைத்தேன். அந்த ஞாயிறு நடந்ததை நான் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அன்று முதல் புதிதாக ஒருவர் வந்தால் அவர் முதலில் கேட்பது இரத்தம் அல்ல. உங்கள் வீட்டில் யாரிடம் யார் எதைப் பேசமாட்டீர்கள் என்று கேட்கிறார். ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை, நடுவே கதவு பாதி திறந்திருக்கும். இரத்தத்தில் எழுதியதைப் படிப்பது கல்வி. அதை எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் கொண்டுபோவது என்று கண்டுகொள்வது செவிலியம்.

நம் மரியாதை பெரியது. நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்கிறேன். இரத்தத்துக்குள் இருக்கும் பிழை அக்காவைக் கண்டால் எழுந்து நிற்குமா? அத்தைக்கு நல்ல பாய் விரிக்குமா? தங்கை வந்தால் தொலைக்காட்சியை அணைக்குமா? அதற்கு மரியாதை தெரியாது. அதற்கு முறை தெரியாது. அதற்கு மௌனம்தான் பிடிக்கும். நாம் வாய் மூடும்போது அது வளரும். நாம் வாய் திறக்கும்போது அது வாடும். மௌனத்தால் ஓர் அத்தையை இழந்தோம். இன்னோர் அக்காவை இழக்க நான் விடமாட்டேன். நீங்கள் விடுவீர்களா?

விடமாட்டோம் என்கிறீர்கள். அப்படியானால் வேலை இருக்கிறது. உங்களில் யார் யாருக்கு, உடன்பிறந்தவளிடம் சொல்ல முடியாத ஒரு கட்டியோ, ஒரு காயமோ, கேட்காமல் விட்ட ஒரு சாவோ உண்டு? கையைத் தூக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போங்கள். சோற்றின் முன் அமருங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்லுங்கள், சற்று உரக்கச் சொல்லுங்கள். ஆண்டவருக்குக் காது மந்தமில்லை, ஆனால் அக்கா எதிரே இருக்கிறார். சாப்பாடு ஆறினால் சூடு பண்ணிக்கொள்ளலாம்.

பொறுமையோடு கேட்ட அவைக்கும், கேட்காதது போலக் கேட்ட சன்னல்களுக்கும், மணியைப் பார்க்காமல் என்னைப் பார்த்த தலைவர் ஐயாவுக்கும், என் நாத்தனாரை எனக்கே திருப்பிக் கொடுத்து என்னை மீண்டும் பாத்திரம் கழுவ வைத்திருக்கும் லாத்தாய்க்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.