நாற்பத்தொரு விநாடிச் சிரிப்பு

திறந்தவெளியில் நாடகம் போடுகிறவர்களுக்கு மழையைவிடக் காற்றுதான் பெரிய தொல்லை. மழை வந்தால் கூட்டம் எழுந்து போய்விடும், நாமும் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். காற்று அப்படியில்லை. நாடகம் நடந்துகொண்டே இருக்கும், அது பாட்டுக்குத் திரையை இழுக்கும், மைக்கில் ஊதும், பாடுகிறவளின் வாய்க்குள் அவள் முடியையே திணிக்கும். நீங்கள் இப்போது போட்டிருக்கிற பதிவிலும் முதல் பத்து நிமிடம் காற்றுச் சத்தம்தான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், போகப்போகச் சரியாகிவிடும்.

நடுவில் மஞ்சள் கவுனில் நிற்பது என் அக்கா. அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு, எனக்கு முப்பத்தைந்து. என்னை நீங்கள் பார்க்க முடியாது. மேடையின் முன்விளிம்பில் நாய்க்கூண்டு மாதிரி ஒரு பெட்டி தெரிகிறதல்லவா, அதற்குள் இருக்கிறேன். நடிக்கிறவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பது என் வேலை. பதினெட்டு வருடம் அதைத்தான் செய்தேன்.

சுலபமான வேலை என்று நினைப்பார்கள். மறந்த பிறகு எடுத்துக்கொடுத்தால் கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். மறக்கப் போகிறாள் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, அரை மூச்சு முன்னால் கொடுக்க வேண்டும். யார் எங்கே திணறுவார், எங்கே தண்ணீர் குடிப்பார், எல்லாம் வசனப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்திருக்கும். ஒத்திகையில் பென்சிலால் எழுதுவோம், இயக்குநர் நாளைக்கு ஒன்று சொல்வார் என்பதால். இனி மாறாது என்று முடிவான பிறகுதான் மை. அந்த இருட்டுப் பெட்டியில் பென்சில் உருண்டு ஓடிவிடும், அதனால் நூலில் கட்டிப் புத்தகத்தோடு தொங்கவிட்டிருப்பேன். உங்கள் கைக்குப் பக்கத்தில் இருப்பது அந்தப் புத்தகம்தான்.

கதை ஒன்றும் பெரிதில்லை. ஒரு கடிகாரக்காரரின் மனைவி, தன் மகளுக்குப் பார்த்த அறுவை மாப்பிள்ளையைப் பிடிக்காமல், ஊரிலுள்ள கடிகாரங்களையெல்லாம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டும்படி திருப்பி வைத்துவிடுகிறாள். யாரும் எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. ஆளாளுக்கு ஓடுகிறார்கள், ஓடிக்கொண்டே பாடுகிறார்கள். அக்காதான் கடிகாரக்காரி. இந்த நாடகத்துக்குப் பிறகு ஊரே அவளை அப்படித்தான் கூப்பிட்டது.

இதோ, இரண்டாம் அங்கம். பின்னால் அட்டையில் செய்த மணிக்கூண்டு ஆடுகிறது பாருங்கள். இப்போது விழும். விழுந்துவிட்டது, சரியாக மாப்பிள்ளையின் தலையில். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கடிகார முகம் கிழிந்த ஓட்டை வழியாகத் தலையை நீட்டுகிறார். அக்காவின் முகத்தைப் பாருங்கள். இதுக்கப்புறம் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. புத்தகத்திலும் இல்லை. அப்போதுதான் அவள் அந்த வசனத்தைச் சொல்கிறாள்.

"பரவால்ல, நாளைக்கு எல்லாரும் லேட்டா எந்திரிக்கலாம்."

கூட்டம் நாற்பத்தொரு விநாடி சிரிக்கிறது. நான் எண்ணியிருக்கிறேன்.

உங்கள் கம்ப்யூட்டரில் சத்தம் போதாது. கொஞ்சம் கூட்டி, பின்னால் தள்ளிப் போடுங்கள். அக்கா வாயைத் திறப்பதற்கு முன்னால், காற்றுக்கு அடியில் ஒரு கிசுகிசுப்பு வருகிறது. "பரவால்ல, நாளைக்கு" என்பது மட்டும் கேட்கும். அது என் குரல்.

அக்கா அதை யாரிடமும் சொல்லவில்லை. பேட்டி எடுக்க வந்தவர்களிடமெல்லாம், "அந்த நேரத்துல வாயில வந்துச்சு" என்றாள். சொல்வாள் என்று முதல் வருடம் காத்திருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். பெட்டிக்குள் இருப்பவளுக்குக் கைதட்டல் எதற்கு? எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

ஆறு வருடத்துக்கு முன்பு அவளுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அத்தான் முன்பே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. எனக்கும் யாருமில்லை. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே போய்விட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விரிப்பு மாற்ற வேண்டும், துடைக்க வேண்டும், அரைத்து ஊட்ட வேண்டும். சேர்ந்தாற்போல நான்கு மணி நேரம் தூங்கி எனக்கு ஆறு வருடம் ஆகிறது. குறையாகச் சொல்லவில்லை. உடம்புக்கும் ஒரு அளவு உண்டு, அதைத்தான் சொல்கிறேன்.

அவளுக்குப் பேச்சு போய்விட்டது. என் பெயர் வராது, 'பசி' என்ற சொல் வராது, 'வலி' என்ற சொல் வராது. ஆனால் இந்தப் பதிவைப் போட்டால் பாட்டெல்லாம் கூடவே பாடுவாள். அந்த வசனமும் வரும், ஒரு எழுத்துப் பிசகாமல். சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்து வாய்விட்டுச் சிரிப்பாள். அதனால் தினமும் மாலை நான்கு மணிக்கு இதைப் போடுவேன். ஆறு வருடமாக ஒரு நாள்கூட விட்டதில்லை. தங்கை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்வார்கள்.

வாரம் இரண்டு முறை பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வருவாள். நல்ல பெண். விழுங்குவதற்கும் அவள்தான் பழக்கினாள். வெறும் தண்ணீர் ஒரு ஸ்பூன்கூடக் கூடாது, மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்றாள். "ஊட்டும்போது டிவி வேண்டாம்மா. சிரிச்சாங்கன்னா நுரையீரலுக்குப் போயிரும். ஒரு வாய் போதும், உயிருக்கே ஆபத்தாயிரும்" என்றாள். அக்காவுக்கு அந்தக் கொழகொழத் தண்ணீர் பிடிக்காது. நான் குடிக்கிற டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கப் பாவமாக இருக்கும்.

கேள்வி கேட்டு, கையால் காட்டச் சொல்வதும் ஒரு பயிற்சி. ஜன்னல் எங்கே, விளக்கு எங்கே என்று கேட்பேன். இடக்கையால் காட்டுவாள். கடைசியாக, "அந்த வசனம் யாரோடதுக்கா?" என்பேன். கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொள்வாள். அந்த வசனத்தைப் பிறகு நான் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிச் சேர்த்திருந்தேன், அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். எத்தனை கோடு என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். அது பயிற்சிக்காகத்தான்.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணும் உட்கார்ந்து பதிவைப் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். "இது நீங்களா சொன்னதாம்மா?" என்று அக்காவைக் கேட்டாள். அக்கா நெஞ்சில் கை வைத்தாள். பெண் கைதட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "அப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்றாள். பெட்டிக்குள் என்றேன். அதற்கும் சிரித்தாள். நானும் சிரித்தேன். இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. கேட்டீர்கள், அதனால் சொன்னேன்.

அன்றிலிருந்து மணிக்கூண்டு ஆடுகிற இடத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தேன். கெட்டித் தண்ணீர்தான். சிரிப்பதற்கு முன்னால் விழுங்கிவிடுவாள். எவ்வளவு நேரத்தில் விழுங்குகிறாள், எங்கே மூச்சை இழுக்கிறாள் என்று எனக்குப் பழகிவிட்டது. இரண்டாம் அங்கம் தொடங்கும்போது கேள்வியைக் கேட்டுவிட்டு மாவைக் கரைப்பேன். ஒரு நாளாவது கையை என் பக்கம் நீட்டுவாள் என்று எதிர்பார்த்தேனா என்று கேட்கிறீர்கள். தெரியவில்லை. நான் நன்றாகத் தெரியும்படிதான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வியாழக்கிழமை எனக்கு அசதி. காலையிலேயே மூன்று முறை விரிப்பு மாற்றியாயிற்று. நான்கு மணிக்குப் பதிவைப் போட்டேன். அக்கா நல்ல குஷியில் இருந்தாள். இரண்டாம் அங்கம் வந்ததும், "யாரோடதுக்கா?" என்றேன். நெஞ்சைத் தொட்டாள். நான் மாவு டப்பாவைத் திறக்கவில்லை.

டம்ளரில் வெறும் தண்ணீர் எடுத்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆறு வருடத்துக்குப் பிறகு நல்ல தண்ணீர், கண்ணெல்லாம் மலர்ந்துவிட்டது. மணிக்கூண்டு ஆடும்போது கொடுக்கவில்லை. விழுந்த பிறகு, அவள் வசனத்தைச் சொல்லி முடித்து, சிரிப்பதற்கு வாயைத் திறந்தபோது கொடுத்தேன். ஸ்பூன் இல்லை, டம்ளரோடு. அரை மூச்சு முன்னால். புரையேறியது. நிமிர்த்தி முதுகில் தட்டியிருக்கலாம், எப்படி என்று அந்தப் பெண் சொல்லிக்கொடுத்திருந்தாள். தட்டவில்லை. டிவியில் கூட்டம் சிரித்துக்கொண்டிருந்ததால் வேறு சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. அவள் இடக்கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. சிரிப்பு ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தது.

மூன்றாம் அங்கம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். பாதியில் எழுந்து போவது நடிக்கிறவர்களுக்கு மரியாதை இல்லை. பிறகு டாக்டருக்குப் போன் செய்தேன். வந்து பார்த்தார், இந்த மாதிரி நோயாளிகளுக்கு இது நடப்பதுதான் என்றார். எல்லாம் முடிந்த மறுநாள் ஒன்பதரைக்குத்தான் எழுந்தேன். பயிற்சிப் பெண் ஞாபகார்த்தமாக ஏதாவது வேண்டும் என்று கேட்டாள். நான்தான் அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறேன் என்று யோசிக்கவில்லை, அவள் அதை உங்கள் ஸ்டேஷனுக்குக் கொண்டுவருவாள் என்றும் நினைக்கவில்லை. ஓரத்தில் எழுதுவது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி, எழுதியது நினைவில் நிற்காது.

அன்றைக்கு அசதியில் செய்துவிட்டேன், திட்டம் போட்டுச் செய்யவில்லை என்றுதான் முதலில் உங்களிடம் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன். அந்த வசனத்துக்குப் பக்கத்தில் 'வெறும் தண்ணீர்' என்று எழுதியிருப்பதை நீங்கள் காட்டினீர்கள். கடைசி மூன்று மாதக் கோடுகளும் அந்த இரண்டு சொற்களைச் சுற்றி வளைத்துத்தான் போட்டிருக்கின்றன, ஆகவே அது அந்த வியாழக்கிழமைக்கு வெகு முன்னால் எழுதியது என்றீர்கள். சரிதான். மையால் எழுதியிருக்கிறதே என்றும் கேட்டீர்கள். அந்த நேரத்தில் பென்சில் கைக்குக் கிடைத்திருக்காது என்று சொல்லலாமென்று பார்த்தேன். பென்சில் புத்தகத்தோடு நூலில் கட்டியபடியே தொங்குகிறது.