இருட்டறைக் கதவுக்கு ஒரு கண்ணாடி

ஐயய்யோ, கைய எடுங்கண்ணே! அந்தக் கைப்பிடியத் தொடாதீங்க. பலகை தொங்குதே, தெரியலையா? உள்ளே ஆள் இருக்குன்னு எழுதியிருக்கு. எட்டாங்கிளாஸோட நின்னவ நான், எனக்கே படிக்க முடியுது.

கோவிச்சுக்காதீங்க. இந்த எடத்துல நின்னா என் குரல் தானா ஏறிடுது. யார் அனுப்புனாங்கன்னு தெரியும். பெரியவர் தானே? இந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கே தலைவர் அவரு. கதவுல ஓட்டை போட்டுக் கண்ணாடி பதிக்கணும், அதுக்கு மேல ஒரு மூடி வைக்கணும்னு சொல்லியிருப்பாரு. செய்யுங்க, நான் வேணாங்கல. ஆனா இப்ப முடியாது. உள்ள ஒரு பொண்ணு வேலை பாத்துக்கிட்டு இருக்கு. இன்னும் அரை மணி நேரம் ஆகும். ரம்பத்தக் கீழ வச்சுட்டு அந்த ஸ்டூல்ல உக்காருங்க. கால் ஆடும், பயப்படாதீங்க, விழாது.

கண்ணு! இருக்கியாம்மா?

ம்... சரி, சரி.

ஒண்ணுமில்லண்ணே, சும்மா கேட்டேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டுக்குவேன். அதுவும் பாவம், சலிச்சுக்காம பதில் சொல்லுது.

உள்ளயா? பட்டாணிச் செடி. பாத்தீங்களா, சிரிக்கிறீங்க. நானும் மொத நாள் இப்படித்தான் சிரிச்சேன். வெளிச்சமே காட்டாம எட்டு நாள் வளத்த செடிண்ணே. நெட்டையா, வெளிறிப்போய், வெயில் படாத கால் மாதிரி இருக்கும். இலை மஞ்சளா சுருண்டு கெடக்கும். ஆனா செத்த செடி இல்ல. பச்சை ஆகறதுக்கு எல்லாத்தையும் தயாரா வச்சுக்கிட்டுக் காத்திருக்கு. ஒரு துளி வெளிச்சம் பட்டாப் போதும், உள்ள வேலை ஆரம்பிச்சுடும். அந்த ஆரம்பத்தத்தான் இவங்க பாக்கணும். நீங்க கதவத் தொறந்திருந்தீங்கன்னா உங்க முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும், யாரும் அளக்காம வீணாப் போயிருக்கும். இந்தச் செடிக்கு ரெண்டாவது ஆரம்பம் கெடையாது.

உள்ள ஒரு பச்சை பல்பு மட்டும் எரியும். மங்கலா. செடிக்குப் பச்சை வெளிச்சம் அவ்வளவா உறைக்காதாம். போன்கூட உள்ள போகக் கூடாது. அந்தா, டப்பாவுல கெடக்குல்ல, அந்தப் பொண்ணோடது. திரை மினுக்குனாப் போச்சு.

நானா? நான் இங்க பாட்டில் கழுவுறவ. குடுவை, குழாய், கண்ணாடிச் சாமான் எல்லாம் என் கை பட்டுத்தான் போகும். எனக்கு எப்படி இவ்வளவு தெரியும்னா, என் தங்கச்சி சொல்லிக் குடுத்தது. இந்த ரூம் அவளோடது. இந்த ஆராய்ச்சியே அவளோடது. வெளிய அவ டாக்டர். எனக்குக் குட்டி.

எங்கம்மா வேலைக்குப் போகணும், குட்டியப் பாத்துக்க ஆள் இல்ல. நான் படிப்ப விட்டேன், அவ பிடிச்சுக்கிட்டா. அப்படிப் பிடிச்சவ விடவே இல்ல. இலையில பச்சைப் பச்சையாப் புள்ளி இருக்குமாம், கண்ணுக்குத் தெரியாது. பசுங்கணிகம்னு புத்தகத்துல பேரு. வெயில வாங்கிச் செடிக்குச் சோறு ஆக்குறது அதுதான். அதுக்குள்ள வேலை பாக்க ஆயிரக்கணக்குல புரதம் வேணும். புரதம்னா பருப்புல இருக்கறதுன்னுதான் எனக்குத் தெரியும். அக்கா, அதுவும் புரதம்தான், இது வேலைக்காரப் புரதம்னு சொன்னா. அதுல முக்காவாசி வெளிய தயாராகி உள்ள வரணுமாம். ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், இன்ன எடத்துக்குப் போகணும்னு. வாசல்ல ஒரு புரதம் நின்னு அந்தச் சீட்டப் பாத்து உள்ள விடும். உள்ள போனதும் சீட்டக் கிழிச்சுருவாங்க.

இந்த வாசல்ல நிக்குதே, அது பின்னாடிதான் பதினோரு வருஷம் அலைஞ்சா. அது சரியில்லாத செடில என்ன ஆகுதுன்னு பாக்கறா. உள்ள விடாம வெளியவே நிறுத்தி வச்சா, கொஞ்ச நேரத்துல அந்த வேலைக்காரப் புரதம் அழிஞ்சே போயிடுமாம். சீட்டு இருக்கு, வாசல் வரைக்கும் வந்தாச்சு, ஆனா போச்சு. அந்த வாசல்காரிக்கு என்ன பேரு வச்சிருந்தா தெரியுமா? அக்கான்னு. எல்லாரும் எழுதுற நோட்டுலயே அக்கா, அக்கான்னு எழுதி வச்சிருப்பா. பெரியவர் ஒரு நாள் படிச்சுட்டு, யாரும்மா இந்த அக்கான்னு கேட்டாரு. நான் குடுவையும் கையுமா நிக்கறேன், எனக்கு மானம் போச்சு.

கண்ணு, என்னம்மா சத்தமே காணோம்? ...சரி, இருமுனியா. தண்ணி வேணுமா? ...சரிம்மா, பாரு பாரு.

இல்லண்ணே, உள்ள இருக்கறது தங்கச்சி இல்ல. அவகிட்டப் படிச்ச பொண்ணு. நிலைப்படில தலை இடிக்கற உயரம். தங்கச்சி போய் இருபத்தாறு நாள் ஆச்சு.

ஆமா. இந்த ரூம்லதான். கேள்விப்பட்டிருப்பீங்க. தலைக்குள்ள ரத்தக் குழாய் வெடிச்சுருச்சு. நாப்பத்திரெண்டு வயசு. பாதுகாப்புக்குன்னு உங்க வேலைச் சீட்டுல போட்டிருக்காங்களே, அது அவளுக்காகத்தான். இனிமே யாரும் உள்ள விழுந்தா வெளிய தெரியணுமாம். இப்ப வருது புத்தி.

அழல. கண்ணு எரியுது. பாட்டில் கழுவுற மருந்து.

மூணு தடவை செஞ்சு மூணும் ஒரே மாதிரி வரணும், அப்பத்தான் வெளிய ஒத்துக்குவாங்க. ரெண்டு முடிச்சுட்டா. மூணாவதுக்குத்தான் அன்னிக்கு உள்ள போனா. அது கெட்டுப்போச்சு, கதவத் தொறந்து எல்லா லைட்டும் போட்டாங்கல்ல. இப்ப அந்தப் பொண்ணு மறுபடி வெதச்சு, இன்னிக்கு எட்டாம் நாள். அதான் உங்ககிட்ட அப்படிப் பாஞ்சேன்.

நான் ஒரு தரம் கெடுத்திருக்கேண்ணே. நாலு வருஷம் முன்னாடி. காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடலையேன்னு டீயத் தூக்கிக்கிட்டு நேரா கதவத் தொறந்துட்டேன். இந்த நடைபாதை லைட்டு முழுசும் உள்ள போய் விழுந்துச்சு. அவ என்னத் திட்டல. திட்டியிருக்கலாம். தரையில உக்காந்து, டீய வாங்கிக் குடிச்சுக்கிட்டே அழுதா. முப்பது ட்ரே செடி. அன்னிக்கு அவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணேன், இடியே விழுந்தாலும் இனிமே இந்தக் கதவ நானாத் தொறக்க மாட்டேன்னு. தலையில அடிச்சா வலிக்குதுக்கான்னு சிரிச்சா. அப்புறம்தான் இந்த ஏற்பாடு. வேலை முடிஞ்சா உள்ள இருந்து ரெண்டு தட்டுத் தட்டுவா. நான் இந்த சுவிட்ச அணைப்பேன். இருட்டானதும் கதவு தொறக்கும், அவ வெளிய வந்து சாத்துவா, நான் லைட்டப் போடுவேன். நாலு வருஷத்துல என் கையால ஒரு செடி கெடல. சொல்லப்போனா எனக்குப் பெருமைதான். யாரு வந்தாலும் விட மாட்டேன். பெரியவரையே திருப்பி அனுப்பியிருக்கேன்.

ஆஸ்பத்திரி டாக்டரா? கேட்டேனே. முன்னாடியே கொண்டு வந்திருந்தா பொழச்சிருப்பாளான்னு கேட்டேன். சொல்ல முடியாதும்மான்னாரு. சொல்ல முடியாதுன்னா என்னண்ணே அர்த்தம்? இல்லன்னு அர்த்தமா? நீங்க வயசானவரு, சொல்லுங்க.

பெரியவரும் கேட்டாரு, ஏதாவது சத்தம் கேட்டுச்சாம்மான்னு. கேக்கலன்னுட்டேன். எல்லாரும் அதையே எழுதிக்கிட்டாங்க.

கேட்டுச்சு. மொதல்ல ட்ரே விழுந்த மாதிரி ஒரு சத்தம். சரி, கை தவறிடுச்சு போலன்னு நெனச்சேன். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சுக் கதவுல ஒரு தட்டு.

ஒண்ணுதான்.

நான் எந்திரிச்சு லைட்ட அணைச்சுட்டேன். இன்னொண்ணு வரும்னு சுவிட்சு மேல கைய வச்சுக்கிட்டு நின்னேன். வரல. முழங்கை இடிச்சிருக்கும், இன்னும் முடியலபோலன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். குட்டின்னு ஒரு குரல் குடுத்திருக்கலாம். குரலுக்கு என்ன, அதுல வெளிச்சமா இருக்கு? அப்பத் தோணலண்ணே. கவனம் கலைஞ்சுடும்னு வாய மூடிக்கிட்டு நின்னேன். ஒரு மணி நேரத்துக்கு மேல இருட்டுல நின்னேன். உயரமான பொண்ணுதான் வந்து, என்னக்கா இது, தள்ளுங்கன்னு கதவ இடிச்சுத் தொறந்துச்சு. லேசுல தொறக்க முடியல. அவ கதவுல சாஞ்சு கெடந்தா.

...

கேட்டுச்சா? ரெண்டு. ரெண்டு தட்டுத்தானே? நீங்களும் எண்ணுனீங்கல்ல? இருங்க, லைட்ட அணைக்கறேன். அசையாதீங்க, ரம்பம் காலடியில இருக்கு.

வந்துட்டியாம்மா. கதவ நல்லா சாத்திட்டியா? லைட்டப் போடட்டுமா? ...ஏன் கண்ணு, மூஞ்சி இப்படி வேர்த்திருக்கு? போ, கையில இருக்கற செடி டப்பாவ மொதல்ல ஐஸ்ல வை, அப்புறம் வந்து டீ குடி.

முடிஞ்சுதுண்ணே. இனிமே கதவு உங்க பாடு. பென்சில எடுத்துட்டீங்க... கண்ணாடி எங்க வரும்? கண் உயரத்துலயா? எல்லாக் கதவுலயும் அங்கதான் வைப்பீங்க, ஆமா.

கொஞ்சம் கீழ வைங்கண்ணே. இன்னும் கீழ. இல்ல, இன்னும். இதோ, இங்க, என் முழங்காலுக்கு நேரா. அந்த ஒரு தட்டு இங்கேருந்துதான் வந்துச்சு.