மீட்புக் குழு புறப்பட்டுவிட்டது

காலையில் சாப்பிடாமல் வந்த ஆளை நான் ஒருபோதும் ரோந்துக்கு அனுப்பியதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்பவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். "தூங்குனியா, சாப்ட்டியா, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா" என்று கேட்பேன். கண் சிவந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். பக்கத்து நிலையங்களில் ஆட்கள் மனம் உடைந்து நீண்ட விடுப்பில் போனபோதும் என் நிலையத்தில் யாரும் போகவில்லை. அதனால்தான் காவலர் நலன் பற்றி மற்ற அதிகாரிகளுக்கு வகுப்பெடுக்கத் தலைமையகம் என்னை அழைத்தது.

வகுப்பில் நான் சொல்வது ஒன்றுதான். நெருக்கடி நேரத்தில் மேலதிகாரியின் குரல் நடுங்கக் கூடாது. கெட்ட செய்தியை மேலே இருப்பவன் சுமக்க வேண்டும், களத்தில் நிற்பவன் தலையில் ஏற்றக் கூடாது. ஏற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு மண்சரிவின்போது, மேலே இன்னும் மண் தொங்குகிறது, பார்த்துத் தோண்டு என்று செரா என்ற காவலரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். சற்று நேரத்தில் அவர் தோண்டிக்கொண்டிருந்த இடத்தில் மண் சரிந்தது. இப்போது எங்கோ ஒரு கிடங்கில் காவலாளியாக இருக்கிறாராம், இரண்டு பிள்ளைகள். ஆனாலும் நல்ல போலீஸ்காரர் ஒருவரை அன்றே இழந்துவிட்டோம்.

இந்த விசாரணையில் முகாய் தெத்சுரோவைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள். வருகிறேன்.

அவர் கமினோசே கிராமத்துக் காவல் வீட்டில் இருந்தார். மலைக் கிராமங்களில் முன்னறை அலுவலகம், பின்னறையும் மாடியும் குடும்பத்துக்கு. கணவன் ரோந்து போனால் மனைவி தொலைபேசியை எடுப்பாள், வழி கேட்பவருக்கு வழி சொல்வாள். அதற்குச் சம்மதிக்கும் பெண் கிடைப்பது கஷ்டம். ஃபுமியேவைத் தேடிப் பேசி முடித்ததே நானும் என் மனைவியும்தான். அவர்கள் திருமணத்தில் சம்பந்தம் பேசி முடித்தவர்களுக்கான இருக்கையில் உட்கார்ந்தவர்களும் நாங்களே. "அக்குத்சு ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஃபுமியே எல்லோரிடமும் சொல்வாள். கேலி செய்கிறாளோ என்று முதலில் நினைத்தேன். இல்லை, உண்மையாகவே நம்பினாள்.

அன்று நிலையத் தலைவர் வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்தார். திரும்பும் சாலை அறுந்துவிட்டது. துணைத் தலைவர் என்ற முறையில் பொறுப்பு என்னிடம் வந்தது. மழை மூன்றாவது நாளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கமினோசேயில் மின்சாரம் போய், ஊர் ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டது. தொலைபேசியும் இல்லை. அந்தக் கிராமத்துக்கும் உலகத்துக்கும் நடுவே இருந்தது முகாயின் வயர்லெஸ் மட்டும்தான்.

ஆற்றின் மட்டத்தை அவர் சொல்லச் சொல்ல நாங்கள் தலைமையகத்துக்கு அனுப்பினோம். கீழே நகரத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் மக்களைத் தங்கவைப்பது என்பதை அந்த அளவை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். மற்ற மலைக் கிராமங்கள் எல்லாம் காலையிலேயே மௌனமாகிவிட்டன. "உங்க நிலையம் ஒண்ணுதான்யா தவறாம அனுப்புது. மத்தவன் எல்லாம் வாயே திறக்க மாட்டேங்கறான்" என்று தலைமையகத்தில் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

மதியத்துக்கு முன் அணையிலிருந்து அழைப்பு வந்தது. நீர்த்தேக்கம் நிரம்பிவிட்டது, இன்னும் ஒரு மணி நேரத்தில் மதகுகளை முழுக்கத் திறக்கப் போகிறோம், கமினோசேயில் ஒருவரும் இருக்கக் கூடாது என்றார்கள். பேசியவரின் குரல் உடைந்திருந்தது. அவரை நான்தான் தேற்றினேன். சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

போனை வைத்ததும் வயர்லெஸ்ஸில் முகாய் வந்தார்.

"ஐயா, பாலத்துத் தூண்ல இருக்கற குறி முங்கிடுச்சு. இனிமே எங்க வீட்டு வாசப்படிய வச்சுத்தான் அளவு சொல்ல முடியும். தண்ணி இப்ப முதப் படியத் தொடுது. அக்கம்பக்கத்துக்காரங்க அஞ்சு பேர் நம்ம மாடியில இருக்காங்க. பின்னாடி புத்தர் கோயில் மேட்டுக்குப் போற பாதை இன்னும் நடக்கற மாதிரிதான் இருக்கு. எல்லாரையும் கூட்டிட்டு ஏறிடட்டுமா?"

என் பக்கத்தில் வயர்லெஸ் பொறுப்பில் நாகசே தொமோயே இருந்தார். இருபது வருடமாக அந்த நாற்காலியில் இருப்பவர். அணை அழைப்பை அவரும் கேட்டிருந்தார்.

"ஐயா, சொல்லிடலாம். இப்ப ஏறுனா ஏறிடுவாங்க."

"சொன்னா பதறுவார், நாகசே."

"பதறட்டும் ஐயா. பதறிக்கிட்டே ஏறட்டும்."

மைக்கை அவர் கையிலிருந்து நான் வாங்கிக்கொண்டேன். பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டேன்.

என் நிலைமையையும் நீங்கள் பார்க்க வேண்டும். படகுகள் எல்லாம் கீழே நகரத்தில் இருந்தன. ஹெலிகாப்டர் அந்த மேகத்தில் ஏறாது. அனுப்ப என்னிடம் ஒரு ஆள்கூட இல்லை. கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைத் தவிர அன்று யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. என்னிடம் இருந்தது என் குரல் ஒன்றுதான். அதைக் கொண்டு என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தேன்.

"முகாய், அவசரப்படாதீங்க. மீட்புக் குழு புறப்பட்டாச்சு. வயசானவங்கள மழையில இழுத்துட்டு ஏறி வழுக்கி விழ வெச்சுடாதீங்க. அங்கயே இருங்க. அளவு மட்டும் விடாம சொல்லிட்டே இருங்க."

"அப்படியா ஐயா, ரொம்ப நன்றி" என்றார். பின்னால் அவர் எல்லோருக்கும் அதைச் சொல்வது கேட்டது. யாரோ கை தட்டினார்கள். தோஃபு கடை ஹமாஜிமா கிழவரின் குரலும் கேட்டது. "வர்ற படகுல சாக்கே பாட்டில் வருதான்னு கேளுப்பா. தண்ணியக் குடிச்சுத்தான் சாகணும்னா நல்ல தண்ணியா இருக்கட்டும்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. நாகசே மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அளவுகள் ஒழுங்காக வந்தன. இரண்டாம் படி, மூன்றாம் படி, முன்னறைப் பாய். கோயில் மேட்டுப் பாதை முழுகிவிட்டது என்பதையும் அளவோடு அளவாகச் சொன்னார். மதகு திறந்த பிறகு தண்ணீர் வேகமாக ஏறியது, அதையும் சொன்னார். தலைமையகம் நகரத்தின் தாழ்வான பகுதி முழுவதையும் காலி செய்தது. அங்கே ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை யாரும் என்னிடம் கேட்பதில்லை.

"ஐயா, கெளம்புனவங்க இப்ப எங்க வந்திருக்காங்க?"

"பாலத்துகிட்ட வந்துட்டாங்க" என்றேன்.

பதில் உடனே வரவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"புரிஞ்சுது, ஐயா" என்றார் பிறகு. "ஃபுமியேகிட்ட நீங்களே ஒருதரம் சொல்லிடுங்களேன். உங்க வாயால சொன்னா நம்புவா."

சொன்னேன். அவள் அழவில்லை. "நல்லவேளை ஐயா. சோத்து உருண்டை பிடிச்சு வெச்சிருக்கேன். வர்றவங்க பசியோட வருவாங்கல்ல" என்றாள். அவர்களும் சாப்பிடட்டும், நீயும் சாப்பிடு என்றேன். அவள் சரி என்றாள்.

கடைசியாக முகாய் மாடிப்படியில் பாதி என்றார். எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். நான் எப்போதும் கேட்பேன். "நல்லா இருக்காங்க ஐயா. வந்துட்டே இருக்காங்கன்னு சொல்லியிருக்கேன்" என்றார். வழக்கமான குரல், துளி நடுக்கம் இல்லை. அதன் பிறகு எதுவும் வரவில்லை.

நாகசே இப்போது விடுப்பில் இருக்கிறார். தூக்கம் வரவில்லையாம், சாப்பிடுவதும் இல்லையாம். இரண்டு முறை பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கதவைத் திறக்கவில்லை. அவருக்கு என்ன குறை என்று எனக்குப் புரியவில்லை.

சரி, உங்களுக்கு வேண்டியது இதுதானே, தெளிவாகவே சொல்கிறேன். மீட்புக் குழு எதுவும் புறப்படவில்லை. அணையைத் திறக்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். மேட்டுக்கு ஏறிவிட்டால் அளவு சொல்ல ஆள் இருக்காது என்பதும் தெரியும். தலைமையகத்தில் என் நிலையத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் முகாயையும் ஃபுமியேவையும் அந்த ஐந்து பேரையும் நான்தான் அந்த வீட்டில் உட்காரவைத்தேன். செத்தது ஏழு பேர். ஆனால் அவர்களில் ஒருவர்கூடப் பயந்து சாகவில்லை. என் ஆட்களுக்கு நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான், அதை நான் ஒழுங்காகச் செய்தேன்.

நீங்கள் நீட்டும் இந்தப் புகைப்படத்தை எனக்கு ஏற்கெனவே காட்டினார்கள். எதிர்க்கரைக்காரர் ஒருவர் எடுத்தது. ஆமாம், பாலம் இல்லை. நான் பாலத்துகிட்ட என்று சொல்வதற்கு வெகு முன்பே அடித்துக்கொண்டு போய்விட்டது, நேரமும் ஓரத்தில் இருக்கிறது. காவல் வீட்டின் மாடி ஜன்னல் நேராக அதைப் பார்த்துத்தான் இருக்கிறது, அதையும் மறுக்கவில்லை. ஆனால் முகாய் அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்க மாட்டார்.